சொல்லாமல் விட்ட வசனம்

அக்கா,

இன்று காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பால்கனி வெயிலில் வைத்தேன். தை மாதக் குளிரில் கல்கத்தாவில் அது உறைந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா. உருகி வாசனை வந்ததும் நீங்களும் நினைவில் வந்துவிட்டீர்கள். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்போது அடுத்தடுத்த வீடு நமக்கு. படப்பிடிப்பு முடிந்ததும் நேராக என் சமையலறைக்கு வந்து, உள்ளங்கை நிறைய எண்ணெய் வாங்கி, முகத்து மேக்கப்பைத் துடைப்பீர்கள்.

"இன்னிக்கு என்ன வேஷம்?" என்பேன்.

"தோட்டத்துத் துரைசாணி. ரெண்டாவது சீன்லயே செத்துட்டேன்" என்பீர்கள், கும்பகோணத்து மாமியாரிடம் படித்த தமிழில்.

இங்கிலாந்தில் நாடகக் கம்பெனியில் நடித்துக்கொண்டிருந்தவர், நம்மூர் ரயில்வே இன்ஜினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு கார்டன் ரீச் ஆற்றங்கரைக்கு வந்தீர்கள். வங்காளி நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் உங்களை விடவில்லை. ஆனால் கொடுத்ததெல்லாம் துரைசாணி, கன்னியாஸ்திரி, ஆஸ்பத்திரி மேட்ரன். அந்தத் துக்கடா வேஷத்துக்கும், "இவ காலைல என்ன சாப்பிட்டிருப்பா?" என்று மெனக்கெட்டு யோசிப்பீர்கள். எனக்குச் சிரிப்பாக வரும். "ஒரு தடவையாவது இந்தத் தோலை மறந்துட்டு எனக்கு ஒரு வேஷம் குடுக்க மாட்டாங்களாடி?" என்று நீங்கள் கேட்ட அன்று மட்டும் சிரிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், நம் காலனிப் பொங்கல் நாடகத்தில்தான் அது கிடைத்தது. அம்மாவாக நடிக்க வேண்டியவளுக்கு மலேரியா. நான் செய்கிறேன் என்றீர்கள். "வெள்ளைக்காரம்மா நம்ம அம்மாவா? ஜனம் சிரிக்கும்" என்றார் செக்ரட்டரி. வேறு ஆள் இல்லாததால் ஒப்புக்கொண்டார்.

மேடை ஓரத்தில் மறைந்து நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. காலனி நாடகத்தில் அந்தக் குரல் முன்வரிசைக்கே கேட்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் மடிசாரில் நுழைந்ததும் சிரிக்கத்தான் சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் மகன் பெட்டியோடு வெளியூர் போகிறான். "அவன் நல்லா இருக்கட்டும், எனக்கென்ன குறை" என்று நீங்கள் சொன்னதும் திரை விழ வேண்டும். நீங்கள் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். முன்வரிசை மாமிகளும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். "பாவம், தமிழ் வரல" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. நீங்கள் யாரையும் பார்க்காமல், அவன் சாப்பிட்ட தட்டை மடியில் வைத்து, ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்து ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். மாமிகள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். செக்ரட்டரி திரைக் கயிற்றைப் பிடித்தபடி இழுக்க மறந்து நின்றார்.

"மறந்துபோச்சாக்கா?" என்று உள்ளே வந்ததும் கேட்டேன்.

"இல்லடி. பிள்ளை போன வீட்டுல யார்கிட்ட பேசறது?"

உங்கள் மகன் அதற்கு முந்தின வருஷம்தான், நீங்கள் விட்டு வந்த ஊருக்கே வேலைக்குப் போயிருந்தான்.

நீங்கள் இறந்துபோன அன்று டிவியில் துரைசாணியைத்தான் காட்டினார்கள். வெள்ளைக்கார நடிகை என்றுதான் சொன்னார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பொங்கல் நாடகத்து அம்மாவை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. பார்த்தவர்களும் ரிட்டயராகி திருச்சி, கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். இப்போது நான் குடியிருக்கும் இந்த நியூ டவுனில் சொன்னால் நம்பக்கூட ஆளில்லை.

என் மகனும் போன வாரம் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். இப்போது பிளாட்டில் நான் மட்டும். லிப்டில் பக்கத்து வீட்டுப் பெண், "மாஷிமா, ஏகா லாகே நா?" என்றாள், தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா என்று. அவன் நல்லா இருக்கட்டும், எனக்கென்ன குறை. வாய்வரை வந்துவிட்டது. நீங்கள் அன்றைக்குச் சொல்ல மறுத்ததை நான் மட்டும் எப்படிச் சொல்வேன்? "லாகே" என்றேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று அவள் மொழியிலேயே சொல்லிவிட்டேன், அக்கா.