சலீம் பாயின் கணுக்கால்

ஐப்பசி, வியாழன்.

வரப்பில் வழுக்கிக் கணுக்கால் பிசகிய சலீம் பாய் இன்று நொண்டியபடி வந்தார். துபாயில் சாரம் ஏறிக் கட்டட வேலை செய்பவர். விடுப்பு முடிந்து அடுத்த வாரம் விமானம்.

கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அமுக்கும்போது வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது விதி. அமுக்கினேன்.

"வலிக்கவே இல்லைங்க டாக்டர். கட்டு மட்டும் போட்டு விடுங்க."

முகம் சிரித்தது. கை மட்டும் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தது. நல்ல காலை அமுக்கினேன், பிடி தளர்ந்தது. மறுபடி அடிபட்ட கால், மறுபடி இறுகியது. எக்ஸ்ரேக்கு எழுதிவிட்டேன்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா விசா போயிடுங்க."

"முதல்ல படம் எடுத்துட்டு வாங்க பாய்."

படத்தில் விரிசல் தெளிவாக இருந்தது. விதி சரிதான், அதற்கான பதிலை வாயிடம் கேட்கக் கூடாது.

மாவுக்கட்டுப் போட்டு, இப்போதைக்குப் பயணம் கூடாது என்றதும் என்னைத் திட்டிக்கொண்டே போனார். திட்டட்டும். சாரத்திலிருந்து விழாமல், ஊரில் உட்கார்ந்து திட்டட்டும்.