இரண்டாம் டிராம்போனின் இடம்

லின்ஸ், 1856 அக்டோபர் 14

மகன் கயெத்தானுக்கு,

நானும் உன் தங்கை கிரெஸ்ஸென்ஸும் நலம். உன் நலத்தை உன் நாடகக் கொட்டகையின் விளம்பரத் தாளே தெரிவித்துவிட்டதால் அதை விசாரிக்கவில்லை.

அந்தத் தாளைச் சென்ற வாரம் வியன்னாவிலிருந்து கொண்டுவந்தவர் நம் ஊர் ஆலயக் கோபுர வாத்தியக்காரர்களின் தலைவர் ஓபர்மைர். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. நீ இசையமைத்த சிரிப்பு நாடகத்தில், கருமி ஒருவனின் ஆவி மாவு மூட்டைக்குள்ளிருந்து எழும் காட்சியில் நான்கு டிராம்போன் ஊதுகுழல்கள் ஒலித்தனவாம். "பக்கத்துல இருந்தவன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான், டாக்டர் ஐயா. இது எங்க ஊர்ல ஒரு அம்மாவைக் குழியில இறக்குறப்போ நாங்க வாசிச்சதுய்யான்னேன். அப்போ உங்க ஊர்ல சாவுகூடத் தமாஷாத்தான் இருக்கும்போலன்னான்" என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன் தாய் வால்பூர்கா இறந்த மறுநாள் காலை நான் எழுதிய இசை அது, முப்பத்திரண்டே தாள அளவுகள். படியெடுத்தவன் நீ, கல்லறையருகே இரண்டாம் டிராம்போன் வாசித்தவனும் நீ. ஆண்டுக்கொருமுறை, இறந்தோர் நினைவு நாளில், அவள் கல்லறையில் மட்டுமே அது ஒலிக்கும் என்று வாசித்த நால்வரும் எனக்கு வாக்களித்தீர்கள். அச்சிடக் கேட்டவர்களுக்கும் அதனால்தான் மறுத்தேன். நீ கிரெஸ்ஸென்ஸுக்கு எழுதிய பதிலை நேற்றுப் படித்தேன். "அப்பா எதுக்கு இதைப் பெருசு பண்றாரு? ஆவி வர்ற இடத்துக்குப் பொருத்தமா இருந்துச்சு. யார் எழுதினதுன்னு நான் எங்கயும் போடலையே" என்கிறாய். திருடிய பொருளின் உரிமையாளரை மறைத்ததை அவருக்குச் செய்த மரியாதையாகக் கணக்கிடும் கல்வியை நான் உனக்கு அளிக்கவில்லை.

உன் குளிர்காலக் கோட்டைக் கிரெஸ்ஸென்ஸ் தைத்து முடித்துவிட்டாள். சனிக்கிழமைக் கப்பலில் வரும். இருமலோடு தைத்தாள் என்பதால் அவளுக்கு நன்றி எழுது. எனக்கு எழுத வேண்டாம்.

இந்த ஆண்டு நினைவு நாளில் உனக்குப் பதிலாகத் தம் மருமகன் வாசிக்கலாமா என்று ஓபர்மைர் கேட்டார். கூடாது என்றேன். அக்காட்சியிலிருந்து அந்த இசையை நீக்கி, பிரதிகள் அனைத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் உன் இடம் உனக்கு உண்டு. இல்லையெனில் கப்பல் ஏறாதே, மூவர் வாசிப்பார்கள். இரண்டாம் டிராம்போனின் குரல் வரவேண்டிய இடங்களில் எதுவும் வராது. ஊரார் கேட்கட்டும். இருபது ஆண்டுகள் உன் குரலை அடுத்த அறையிலிருந்தே அடையாளம் கண்டவளும் கேட்கட்டும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்; கோபத்திலும் இதை மனமாரவே எழுதுகிறேன். நவம்பர் இரண்டு, காலை எட்டு மணி என்பதை மறவாதே. இசைத்தாள் தாங்கிகள் நான்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் தந்தை,
இக்னாஸ் பெர்ன்ஸ்டைனர்