கண்ணாடியில் மோதிய குருவிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

நான் வடிவமைத்த, மரத்தாலான யோகா கூடத்தைத் திறந்தாயிற்று. காட்டைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. எல்லாரும் பாராட்டும்போது டப்பென்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?" என்றார் யோகா ஆசிரியர்.

"புது மரம் சார், காயும்போது வெடிக்கும்" என்று கூசாமல் சொன்னேன். கண்ணாடியில் தெரிந்த மரங்களை நம்பி ஒரு குருவி மோதியதைப் பார்த்திருந்தேன்.

வெளியே, பெருக்கும் அக்கா செத்த குருவி கிடந்த முறத்தைக் காட்டினார். "காலைலேர்ந்து இது நாலாவதும்மா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

"என்கிட்டதான்க்கா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன்.

கவலைப்படாதே, வேலை போகவில்லை. குருவிகள் மோதாமலிருக்க வெளியே வலை கட்டும்வரை, கண்ணாடிமேல் தொங்கவிடத் திரை வேண்டும். உன் பழைய நூல்புடவை நாலு அனுப்பு. ஐந்தாவதாக ஒன்று, துவைக்காமல். அது எனக்கு.

வலை வாங்கப் போக வண்டி வந்துவிட்டது.

உன் மகள்