நனைந்த கோல்

1912 பிப்ரவரி 6, மண்டலே துறை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: ஐராவதி ஆற்றில் கீழ்த்தட்டு முழுக்கக் கடைகளோடு மேலும் கீழும் போய்வரும் நமது சந்தைக் கப்பலில், பட்டுக்கடை டோ ம்யாவின் ஒரே மகனும், பதினேழு வயது நிரம்பிய பெருமகனுமாகிய மௌங் லூ பே அவர்களின் மேலுதட்டில், இன்று காலை நான்காவது மயிர் உதயமாயிற்று. இதை முன்னிட்டு யாரும் கடையடைக்க வேண்டியதில்லை.

அக்காவிடம் காட்டினேன். "அது புகைக்கரிடா, துடை" என்றாள்.

துடைத்தேன். போய்விட்டது. ஆக, மூன்று.

பிப்ரவரி 7

நேற்றைய இழப்புக்கு இன்று ஈடுகட்டியாயிற்று. கப்பல் இன்னும் கரையில்தான் கட்டிக் கிடக்கிறது. கேப்டன் துரை மேல்தட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பட்டு மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டு கோ தா ஜான் அண்ணன் குரலில் இழுத்தேன்: "ஒரு முழம்... ஒரே முழம்... சேறு... ஐயோ சேறு..."

பாதி முகம் நுரையோடு துரை ஓடிவந்து கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்க்கிறார். கயிறு கட்டிய கப்பல் எங்கே போய் முட்டும்? ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் அவருக்குக் கால் தானாக ஓடும். தண்ணீர் வற்றும் மாதங்களில் இரண்டே குரல்களை நம்பித்தான் கப்பல் போகிறது. முன்மூக்கின் இடது பக்கம் கிழவர் கோ நி, வலது பக்கம் கோ தா ஜான். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மூங்கில் கோலை ஆற்றுக்குள் குத்துவார்கள், எடுப்பார்கள், எத்தனை முழம் என்று பாடுவார்கள். கோ நி பாடினால் கோழி கொக்கரிப்பது போல இருக்கும். கோ தா ஜான் பாடினால் கரையில் துணி துவைக்கும் பெண்கள் கையை நிறுத்திவிடுவார்கள்.

அண்ணன் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். காதைத் திருகினார். "என்னைவிட நல்லாத்தான் பாடுற. ஆனா மச்சான், கோலு முதல்ல, பாட்டு அப்புறம்."

மச்சானா? இவருக்கு நான் எப்போதிலிருந்து மச்சான்?

பிப்ரவரி 9, பக்கோக்கு

எப்போதிலிருந்து என்று தெரிந்துவிட்டது.

எங்கள் கடை கொதிகலன் சுவரை ஒட்டி இருக்கிறது. சூடு தாங்காமல் வேறு யாரும் வாங்காத இடம். பகல் இரண்டு மணிக்கு, அம்மா கரைக்குப் போயிருந்த நேரம், அளவுகோல் எடுக்க மூட்டைச் சுவருக்குப் பின்னால் போனேன். அக்காவின் கொண்டை அவிழ்ந்து இடுப்புவரை கிடந்தது. கோ தா ஜான் அவள் காதுக்குக் கீழே முகத்தைப் புதைத்து, முழுகப்போகிறவன் கடைசியாக இழுப்பதுபோல மூச்சை நீளமாக உள்ளே இழுத்தார். அவள் விரல்கள் அவர் முதுகில், வியர்வையில் ஒட்டிய சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தன. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நீராவிதான் சுவருக்குள் சீறிக்கொண்டிருந்தது.

அளவுகோல் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். என் நல்ல குணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் வாய் இருக்கிறதே. மாலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் கழுத்தில் மஞ்சளாக ஒரு தடம். அக்கா கன்னத்தில் பூசும் தனகா மரப்பட்டைச் சாந்து. "ஏன் அண்ணே, இப்ப ஆம்பளைங்களும் தனகா பூசிக்கிறீங்களா? அதுவும் கழுத்துல?" என்றேன். கோ நி சோற்றைத் துப்பிச் சிரித்தார். கோ தா ஜான் கழுத்தைத் தடவிக்கொண்டு, "வெயில்" என்றார்.

ஆழம் பார்ப்பது அவர் தொழில். அக்கா மனசை ஆழம் பார்ப்பது உபதொழில். நான் எழுதியதிலேயே நல்ல வரி இதுதான்.

அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 10

அந்த ஒரு கேலிக்கு இவ்வளவா? காலையிலிருந்து அம்மா அக்காவை விட்டு அசையவில்லை. "ப்ரோம் போய்ச் சேந்ததும் ஊ போ லின்னுக்குச் சம்மதம்னு சொல்லிடப் போறேன். போன வருஷமே கேட்டாரு" என்றாள். ஊ போ லின் நெல் தரகர். மனைவியை இழந்தவர். நாற்பது வயது. கெட்டவர் என்று சொல்லவும் வழியில்லை, ஒவ்வொரு முறையும் எனக்கு வெல்லக்கட்டி தருவார்.

அக்கா என்னை விறகு அடுக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அறையவில்லை.

"மக்வேல இறங்கிடப் போறோம்டா. அவரோட பெரியம்மா வீட்டுல மூணு நாள். அப்புறம் ரெண்டு பேருமா வந்து அம்மா கால்ல விழுவோம்."

எங்கள் பக்கம் பாதிக் கல்யாணம் இப்படித்தான் நடக்கிறது. ஒரு கூரைக்குக் கீழே மூன்று நாள் இருந்துவிட்டு வந்து விழுந்தால், பெற்றவர்கள் இரண்டு அடி அடித்துவிட்டுச் சோறு போட வேண்டியதுதான். அம்மாவும் அப்பாவோடு அப்படித்தான் ஓடினாள்.

"நான் என்ன பண்ணணும்?"

"துணி மூட்டையைத் தூக்கிட்டு வா. மத்த நேரம் வாயை மூடிட்டு இரு."

"ரெண்டாவது வேலைதான் கனம், அக்கா."

சிரித்தாள். அவள் அவ்வளவு அழகு என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

கப்பல் மணலில் ஏறிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பகலில் அம்மா தலைவலி என்று படுத்தாள். மூன்று நாளில் கிடைத்த முதல் இடைவெளி. மக்வேயில் எங்கே நிற்பது, யார் முதலில் இறங்குவது என்று அவர்கள் இன்னும் பேசியே முடிக்கவில்லை. கோ தா ஜான் என் கையில் கோலைக் கொடுத்தார். "கால் மணி நேரம், மச்சான். என் குரல்லயே பாடு. ஒவ்வொரு தடவையும் குத்திப் பாத்துட்டுப் பாடு."

பாடினேன். எப்பேர்ப்பட்ட பாட்டு! "மூணு முழம்... ஓ... மூணு முழம்... தரையே காணோமே..." துரைக்குத் துளி சந்தேகம் வரவில்லை. இடது பக்கம் கோ நி "ரெண்டு, ரெண்டு" என்று கொக்கரித்ததால் துரை சக்கரத்தை என் பக்கம் திருப்பினார். தேயிலை ஊறுகாய்க் கடைப் பெண்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள். நான் குத்தினேன், அளந்தேன், பாடினேன். மூன்று முழம் சரியாக இருந்தது. இந்த ஆற்று மணல் நாய்க்குட்டி மாதிரி, கூப்பிடாமலே காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு நான் என்ன செய்ய?

அடியில் ஒரு நீளமான உராய்வு. கடைகளில் சட்டிபானை எல்லாம் உருண்டன. கோ தா ஜான் சட்டைப் பொத்தான் திறந்தபடி ஓடிவந்தார். என் கையிலிருந்த கோலைப் பிடுங்கி முதல் வேலையாக ஆற்றில் குத்தினார். கப்பல் உட்கார்ந்த பிறகு அளந்து என்ன லாபம் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

துரை இறங்கிவந்தார். எங்கள் பேச்சு அவருக்கு அரைகுறை. "யார் பாட்டு? மூணு முழம் யார்?"

"நான்தான் துரை" என்றார் கோ தா ஜான்.

"கண் எங்கே வச்சே?"

தான் அங்கே இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? எங்கே இருந்தாய் என்று கேட்டால் பட்டு மூட்டைக்குப் பின்னால் என்று சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் அக்கா பெயர் கப்பல் முழுக்க நாறும். பார்த்திருந்த கோ நியையும் ஊறுகாய்க் கடைப் பெண்களையும் கோ தா ஜான் கண்ணாலேயே அடக்கினார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார். குதிகாலால், முழு பலத்தோடு.

பிப்ரவரி 13

இன்னும் மணல்மேல்தான். கால் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 15

காலையில் இன்னொரு கப்பல் வந்து எங்களை இழுத்துவிட்டது. அதற்கு முன்னால், எதிர்க்கரைப் படகு ஒன்றைக் கூப்பிட்டு, அதில் கோ தா ஜானை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இனி இந்தக் கப்பலில் கால் வைக்கக் கூடாதாம்.

அவர் கடைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள். படகில் இறங்குமுன் என் தலைமயிரைக் கலைத்துவிட்டுச் சொன்னார்: "வேற கப்பல்ல வேலை தேடிட்டு வர்றேன்னு அக்காகிட்ட சொல்லு. வெறுங்கையோட வந்து உங்கம்மா கால்ல விழ மாட்டேன். மழைக்கால நோன்பு முடிஞ்சு விளக்குத் திருநாள் வரைக்கும் பாக்கச் சொல்லு. அதுக்குமேல வேணாம்."

அக்கா அப்போது யாருக்கோ பட்டு அளந்துகொண்டிருந்தாள். ஒரே துணியைத் திரும்பத் திரும்ப அளந்தாள். கடைசியில் தப்பாக வெட்டினாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 16, மக்வே

அரைமணி நேரம் நின்றோம். துணி மூட்டை என் மடியில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

மார்ச் 2

மகத்தான செய்தி. வலது பக்கத்துக்கு ஆள் இல்லாமல் துரை திண்டாடினார். கோ நி என்னைக் காட்டினார். பாடிக் காட்டினேன். "அச்சு அவன் குரல்" என்று துரையே வாய் பிளந்தார். இன்று முதல் மௌங் லூ பே, ஆழம் பார்ப்பவர்! என் குரலுக்கு ஆறே வழிவிடும். ஊறுகாய்க் கடைப் பெண்கள் வாழ்த்தினார்கள்.

அக்கா மட்டும் நான் பாட ஆரம்பித்ததும் தன் மூட்டை முடிச்சோடு கப்பலின் பின்கோடிக்குப் போய்விட்டாள். அங்கே பாட்டு கேட்காது.

ஏப்ரல் 14

தண்ணீர்த் திருவிழா. அக்கா தலையில் ஒரு குடம் முழுக்கக் கவிழ்த்தேன். திட்டவில்லை. துடைத்துக்கொண்டு போனாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 20

பக்கோக்குத் துறையில் ஒரு மாலுமியிடம் விசாரித்தேன். கோ தா ஜான் நான்கு கப்பல்களில் கேட்டாராம். "மணலில் ஏத்தினவனா?" என்று நான்கிலும் ஒரே கேள்வியாம். இப்போது தெற்கே கழிமுகத்தில் நெல் படகு தள்ளுகிறாராம்.

ஒரு குரல் போதும் அவரை வேலையில் திரும்பச் சேர்க்க. யார் குரல் என்பதுதான்... சரி, தூக்கம் வருகிறது.

ஜூலை 28

நாளை முதல் நோன்பு. மூன்று மாதம் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்பே அக்காவுக்கு முடித்துவிட வேண்டும் என்று அம்மா துடித்தாள். "நோன்பு முடியட்டும்மா. அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி" என்றாள் அக்கா. அம்மா சம்மதித்தாள். தான் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறாள். அக்கா எதை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 26

விளக்குத் திருநாள். எதிரே வந்த ஒவ்வொரு கப்பலின் மூக்கையும் அக்கா பார்த்தாள். பொழுது சாயும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவிடம், "சரிம்மா" என்றாள்.

நவம்பர் 18, ப்ரோம் போகும் வழியில்

கல்யாணம் முடிந்து எட்டு நாள். அக்கா இனி பட்டுக்கடைக்காரி இல்லை, மேல்தட்டுப் பயணி. ஊ போ லின் மாமா எனக்கு இன்றும் வெல்லக்கட்டி கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அந்த வெல்லத்தை வாயில் போடாமல் மடியில் முடிந்துகொண்டேன்.

ஆறு மறுபடி வற்றத் தொடங்கிவிட்டது. முன்மூக்கில் நின்று குத்திக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். பிப்ரவரிக்குப் பிறகு நான் பாடும் இடத்துக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அவர் மாதிரியே பாடலையே இப்ப?"

"தொண்டை உடைஞ்சுபோச்சு" என்றேன். உடையவில்லை. மார்ச் கடைசியிலேயே அந்தக் குரலை விட்டுவிட்டேன். பாட முடியவில்லை.

"அன்னிக்கு எத்தனை முழம்டா இருந்துச்சு?"

"மூணு. சொன்னேன்ல, மணல் திடீர்னு—"

"அவர் ஓடினப்ப நானும் பின்னாலயே வந்தேன், லூ பே. உன் கையில இருந்த கோலு நுனிவரைக்கும் காஞ்சு கிடந்துச்சு. துரை இறங்கி வர்றதுக்குள்ள அதை நனைக்கத்தான் ஓடினாரு. தான் பழியை வாங்கிக்கிட்டா வேலை மட்டும்தான் போகும்னு நெனச்சாரு. நீ மாட்டினா போலீஸுன்னு."

எனக்குக் கோல் கையில் நழுவியது. பிடித்துக்கொண்டேன்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை அக்கா?"

"அவரு நனைச்சு வச்சதை நான் எதுக்குக் காய வைக்கணும்?" என்றாள். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஜூன்ல பாத்தேன். நோன்புல பாத்தேன்." பிறகு என் தலைமயிரைக் கலைத்துவிட்டாள், அவர் செய்த மாதிரியே. மாமா மேலிருந்து கூப்பிட்டார். போய்விட்டாள்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், கேட்கிறவர்கள் யாருமில்லாத இடத்தில், என் வீரம் அவ்வளவுதான். பிப்ரவரி 12 பக்கத்தில் "குத்தினேன், அளந்தேன்" என்று இருப்பது பொய். கோல் கனமாக இருந்தது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா பாடினேன். ஒரு தடவைகூடத் தண்ணீரைத் தொடவில்லை. நாளைக் காலை துரையிடம் போய்ச் சொல்லப் போகிறேன். நெல் படகுக்குச் செய்தி போய்ச் சேரட்டும், இனி யாருக்கும் உதவாது என்றாலும்.

இன்னொன்று. மீசையைப் பற்றி அவ்வப்போது வெளியே சொல்லிவந்ததும் பொய்தான். இன்னும் மூன்றே.