மிக்சருக்கு வைத்த சந்தனம்

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

குற்றாலத்துக் கல்யாண மண்டபத்தில் இன்று என் பேத்தி செல்விதான் பாட்டுப் போட்டாள். அவளுக்கு இதுதான் முதல் ஆர்டர்.

காலையில் அவளுடைய புது டிஜே மிக்சருக்கு நாலு பக்கமும் சந்தனம் வைத்துக் கும்பிட்டேன். குழைத்த சந்தனம் பின்பக்கத்து ஓட்டைகளுக்குள் இறங்கிவிட்டது. சத்தம் வெளியே வருகிற வழியே அதுதானாம். மண்டபத்தில் வயரைச் சொருகினால் கரகரவென்று இரைந்து அடங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் மாமா ஒரு பையனோடு வந்து நின்றார். "ஏலே, புளியறைக்குப் போன் போட்டு செண்டை மேளத்த வரச்சொல்லு. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார்.

செல்வி ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன் ஆச்சி, பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கலியா?" என்று சிரித்தாள். பிறகு லேப்டாப்பிலிருந்தே ஸ்பீக்கருக்கு வயர் கொடுத்தாள். மிக்சரை ஒற்றை யுஎஸ்பி வயரால் லேப்டாப்போடு சேர்த்தாள்.

"இனி சத்தம் இதுக்குள்ள போகவே வேண்டாம் ஆச்சி. நான் இந்தக் குமிழத் திருகுதது மட்டும் லேப்டாப்புக்குப் போனாப் போதும். இதுக்கு மிடின்னு பேரு."

திருகினாள். மண்டபம் அதிர்ந்தது. முதலில் ஆட வந்தவர் அந்த மாமாதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க ஆடினார்.

பேசி வைத்த நேரம் முடிந்ததும், "தாயி, இன்னும் ஒரு மணி நேரம் போடுதியா?" என்று கெஞ்சினார்.

"எங்க ஆச்சிகிட்ட கேளுங்க அண்ணாச்சி. அவிய சொன்னாத்தான் போடுவேன்" என்றாள் செல்வி.

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போடுட்டி" என்றேன்.