ஓட்டை இல்லாத மிட்டாய்

நேற்று கெலாங் பாத்தா கிளினிக்கில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா ஒரு மிட்டாய்ச் சுருளைப் பிரித்து என்னிடம் நீட்டினார். ஈயத்தாள் கிழிந்ததுமே புதினா வாசம். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. அந்த வாசத்துக்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மாசாய் அடுக்குமாடியில் நீ மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. உன் மோட்டார் சைக்கிளில்தான் இருவரும் மிட்டாய்த் தொழிற்சாலைக்குப் போவோம். எனக்கு அழுத்தும் எந்திரம், உனக்குத் தரச் சோதனை. வேலை முடிந்து திரும்பும்போது நம் தலைமுடியெல்லாம் புதினா மணக்கும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாம் செய்யும் வட்டப் புதினா மிட்டாயின் நடுவில் ஏன் ஓட்டை என்று ஒருநாள் கேட்டேன். நீ எங்கேயோ படித்து வைத்திருந்தாய். "வெயில் காலத்துல சாக்லேட் உருகுதுன்னு ஒரு வியாபாரி உருகாத மிட்டாய் தேடுனாராம். மாத்திரை அழுத்துற மிஷின்லயே செஞ்சு பார்த்திருக்காரு. அப்பல்லாம் புதினா மிட்டாய் தலகாணி மாதிரி இருக்குமாம். தன்னோடது தனியா தெரியணும்னு வட்டமாக்கி ஓட்டை போட்டாராம்."

"தொண்டையில மாட்டுனா மூச்சு விடத்தான் ஓட்டைன்னு சொல்றாங்களே?"

"அது அப்புறமா கட்டுன கதைலா!"

நம் எந்திரத்தில் அந்த ஓட்டையைப் போடுவது ஓர் இரும்பு ஊசி. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரமே இருந்தபோது, ஒரு மத்தியானம், ஓட்டை இல்லாத மிட்டாய் ஒன்று வந்து விழுந்தது. ஊசி முறிந்துவிட்டது என்று உடனே புரிந்தது. முறிந்த துண்டு மிட்டாய்களோடு கலந்து போயிருக்கலாம். எந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். காலையில் ஊசியைச் சோதிக்காமலேயே, சோதித்ததாகத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பயத்தில் மிட்டாயைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சில நிமிடங்களில் நீ எந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாய். உன் கையிலும் ஓட்டை இல்லாத மிட்டாய்கள். என் முகத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது.

"முன்னாடியே பார்த்துட்டல்ல?"

நான் பையிலிருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"அலமாக்! சின்னப் புள்ளைங்க வாயில போடுறது இது." என் கையிலிருந்த மிட்டாயை வாங்கிப் பார்த்தாய். "நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. வா, நானும் கூட வர்றேன்."

சூப்பர்வைசர் கத்தினார். பெட்டிகளை எல்லாம் பிரித்துத் தேடினோம். வேலை முடியும் நேரத்தில், ஒரு மிட்டாய்க்குள் புதைந்திருந்த ஊசித்துண்டு கிடைத்தது. அரிசி அளவுதான் இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிரந்தர வேலை ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்தக் கோபத்தில் ஒரு மாதம் பஸ்ஸில் போனேன். நீ மட்டும் தினமும் காலையில் கீழே வண்டியை முறுக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பாய், பிறகு தனியாகப் போவாய். ஒருநாள் மழை. நான் வந்து பின்னால் ஏறினேன். நீ வண்டியைக் கிளப்பினாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்றுதான் கேட்டேன். "அன்னிக்கு நீயே ஏன் போய்ச் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். நீ சொல்லாம விட்டிருந்தா தூக்கம் போயிருக்கும்லா," என்றாய். சிரிக்கப் போய் இருமினாய்.

இப்போது நான் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் இருக்கிறேன். போன வாரம் கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தட்டில் கடலைச் சட்டினியை வைத்துவிட்டேன். தட்டு மேசைக்குப் போன பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். பிள்ளை இன்னும் வாயில் வைத்திருக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. நேராக ஆசிரியையிடம் போய், "என் தப்பு டீச்சர்" என்றேன்.

அன்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.