உள்ளே போடும் சப்பாத்து

சுங்கை வே,
2-3-2024

என் அக்கா இராஜம்மாவுக்கு, குமுதா எழுதிக்கொள்வது.

உன் மகன் லோகனுக்கு ஜொகூர் பாருவுக்கு வேலை மாற்றம், மே மாதம் உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்று உன் கடிதத்தில் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கிள்ளானில் இருக்கும்போதே உன்னைப் பார்க்க முடியவில்லை. இனி ஜொகூர் என்றால் முடிந்தது கதை. பக்கவாதம் வந்து இடது கால் விழுந்த நான், லிப்ட் இல்லாத உன் பிளாட்டில் நாலு மாடி எப்படி ஏறுவேன்? முட்டி தேய்ந்த நீ எப்படி இறங்குவாய்? போனில் பேசலாம் என்றால் எனக்கு வாய் குழறுகிறது, உனக்குக் காது கேட்கவில்லை. இப்படி ஒரு ஜோடியைக் கடவுள் உட்கார்ந்து யோசித்துத்தான் படைத்திருக்கிறார்.

நேற்று எங்க வீட்டுக்காரர் பிரிக்பீல்ட்ஸில் காலுக்குப் பிரேஸ் செய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகுந்தன் என்று ஒரு பையன், மகன் வயதுதான் இருக்கும், என் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்செடுத்தான். பாதம் தொங்குவதால்தான் விரல் தரையில் இடறுகிறதாம். கெட்டிப் பிளாஸ்டிக்கில் கெண்டைக்கால்வரை செய்து, பாதத்தைத் தூக்கிப் பிடிக்க வைப்பானாம். பார்ப்போம்.

ஒன்று செய்யலாமா? நீ ஜொகூருக்குக் கிளம்புகிற நாளில் நான் கீழே லோரிப் பக்கத்தில் வந்து நிற்கிறேன். உன் முகத்தைப் பார்த்தால் போதும்.

உன் தங்கை,
குமுதா

கிள்ளான்,
11-3-2024

குமுதா,

லோரிப் பக்கத்தில் நிற்பாளாம். நீ என்ன சாமான் ஏற்ற வருகிற ஆளா? என்னை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்தக் கோலத்தில் என்னைப் பார்க்க வேண்டாம். என் வீட்டுக்கு வா. உட்கார். என் கையால் ஒரு வாய் சாப்பிடு. அது நடக்காமல் நான் ஜொகூர் போனால் என் நெஞ்சு ஆறாது.

பிரேஸை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. என் மருமகள் லோஜினி எனக்கு முட்டிக்கு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டாள். வலி போய்விடவில்லை, ஆனால் பாத்ரூமுக்கு முனகாமல் போய் வருகிறேன். அந்த நாலு மாடியைத் தவிர உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் போலிருக்கிறது.

அக்கா

சுங்கை வே,
3-4-2024

அன்பு அக்கா,

பிரேஸ் வந்துவிட்டது. காலுறைக்கு மேல் அதைப் போட்டு, ஒரு அளவு பெரிய சப்பாத்துக்குள் நுழைத்தால் பாதம் நேராக நிற்கிறது. அக்கா, நான் பாசாருக்கு நடந்தே போனேன். மீன்காரர், "என்ன ஆன்டி, ரொம்ப நாளாச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடம் இருந்த கெம்போங் மீனில் பாதியை நானே வாங்கிவிட்டேன் என்று வீட்டில் இவர் திட்டினார். மாடிப்படியும் பழகுகிறேன், நல்ல காலை முதலில் வைத்து.

வெளியே எல்லாம் சரி, வீட்டில்தான் தொல்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது பிரேஸும் சேர்ந்து வந்துவிடுகிறது. இவர் அதைச் செருப்பு ராக்கிலேயே வைத்துவிடுகிறார். உள்ளே நான் பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுக்கிறேன். வெறும் பிரேஸோடு டைல்ஸில் நின்று பார்த்தேன், சோப்பு மாதிரி வழுக்கியது. முகுந்தன் கோபித்துக்கொண்டான். "ஆன்டி, நீங்க வெளியே நடக்கிறத விட வீட்டுக்குள்ளதான் நெறைய நடக்கிறீங்க. புதுச் சப்பாத்து ஒண்ணு வாங்கி உள்ளுக்கு மட்டும் வச்சிக்கங்க லா" என்றான். இவரிடம் சொன்னால், "சப்பாத்து போட்டுக்கிட்டு சாமி முன்னாடி நிக்கப் போறியா?" என்கிறார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எனக்கே மனசு வரவில்லை. பிறந்ததிலிருந்து வாசலில் கழற்றிய கால்.

21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். என்னென்ன சமைப்பாய்?

குமுதா

கிள்ளான்,
12-4-2024

குமுதா,

நீயும் உன் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு குட்டு வாங்க வேண்டியவர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதானே சாமி கும்பிடுகிறீர்கள்? உன் காலுக்கு அது கண்ணாடி. இதைக்கூட நான் சொல்ல வேண்டுமா?

நண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். லோஜினிதான் நறுக்கித் தருவாள், தாளிப்பது நான். உன் சப்பாத்து என்ன அளவு? பிரேஸோடு சேர்த்துச் சொல். சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

கிள்ளான்,
28-4-2024

என் கண்ணே குமுதா,

உனக்கு வலது இடுப்பெலும்பில் ஆப்பரேஷன் முடிந்தது என்று உன் வீட்டுக்காரர் சுகுமாறன் தம்பி சொன்னதாக லோஜினி எழுதிக் காட்டினாள். நல்ல காலும் போய்விட்டதே அம்மா.

கண்ணை மூடினால் அந்த வாசல்தான். நீ நாலு மாடியும் ஏறி வந்துவிட்டாய். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு நின்றாய். தம்பி இன்னும் படியில் வந்துகொண்டிருந்தார். உனக்காக வாங்கிய வெள்ளைச் சப்பாத்து கதவுக்கு உள்ளே நாற்காலிமேல் இருந்தது. தெருவையே பார்க்காத சப்பாத்து. லோஜினி அதை எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவதற்குள் நீ நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாய். யாரும் உன்னைக் கழற்றச் சொல்லவில்லை. "கழட்டாதே" என்று நான் கத்தினேன். அதற்குள் பிரேஸும் சப்பாத்தும் வெளியே, உன் கால் உள்ளே. விரல் நிலைப்படியில் தட்டியது, வலது பக்கமாக விழுந்துவிட்டாய். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் குமுதா. எழுந்து ஓடிவரக் காலில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தரையில் இறங்கித் தவழ்ந்து வந்தேன். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தம்பியும் லோஜினியும் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டக் கீழே ஓடினார்கள். நாம் இரண்டு பேரும்தான் இருந்தோம். அப்போது நீ என்னைப் பார்த்து என்னமோ சொன்னாய். திரும்பவும் சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. நீ வருத்தப்படக் கூடாதென்று சரி சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை கிளம்புகிறோம். வழியில் ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்னேன். "ஒங்கள இங்க எறக்கவே நாலு பேரு வேணும், அங்க யாரும்மா இருக்காங்க?" என்கிறான் லோகன். அவன்மேல் தப்பில்லை.

நீ என்ன சொன்னாய்? வேறு ஒன்றும் வேண்டாம். அதை மட்டும் எழுது.

உன் அக்கா

சுங்கை வே,
19-5-2024

அன்பு அக்கா,

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹாலில் கட்டில் போட்டிருக்கிறார்கள், சாமிக்கு நேர் எதிரே. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அத ராக்குல வச்சிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நிறுத்தவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. நடப்பேனா என்று கேட்டால் டாக்டர் பார்ப்போம் என்கிறார்.

நான் சொன்னது என்னவென்று கேட்டாய். எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீ கேட்டுவிட்டதால் எழுதுகிறேன். "அக்கா, என் சப்பாத்து வெளியே கிடக்குது, உள்ளே எடுத்து வைக்கச் சொல்லு" என்றேன். அவ்வளவுதான். உன்னைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ வைத்திருந்தேன். வாயில் வந்தது இது.

நீ தலையாட்டினாய், நான் நிம்மதியாகப் போனேன். மறுநாள் இவர் போய்ப் பார்த்தபோது வாசலில் ஒன்றுமில்லை. சப்பாத்தை எவனோ பிரேஸோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். உன்மேல் கோபமில்லை அக்கா. உனக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்.

அந்த வெள்ளைச் சப்பாத்தை இங்கே அனுப்பாதே. ஜொகூர் வீட்டில் கதவுக்கு உள்ளே வை.

குமுதா